ஒன்பது விநாடி

"மேடம், இதுல நான் எங்க பாக்கணும்?"

பதினோராவது விநாடியில் வீடியோவை நிறுத்திவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டான் கத்தரி. கணினி அறையில் இருந்த இருபத்திரண்டு பேரும் முதலில் திரையைப் பார்த்தார்கள். பிறகு திரும்பிக் கணக்கு டீச்சரைப் பார்த்தார்கள்.

எங்கே பார்ப்பதா? இதென்ன கேள்வி! கண் எதற்கு இருக்கிறது? நடுவில் 'பின்னங்களின் வகுத்தல்' என்று ஏழு வண்ணத்தில் தலைப்பு. சுற்றிலும் பூ வேலை செய்த கரை. இடப்பக்கம் பள்ளியின் சின்னம், வலப்பக்கம் டிக் டிக்கென்று ஓடும் கடிகாரம். கீழே 'கணிதம் கற்போம், வாழ்வில் உயர்வோம்' என்ற வாசகம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஓரமாக ஒரு பென்சில் இடுப்பை வளைத்து ஆடியது. அந்தப் பென்சிலை ஆட வைக்க அவளுக்கு முழுசாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தது.

"எல்லாத்தையும்தான் பாக்கணும் சார்" என்றாள்.

"எல்லாத்தையும் பாக்கச் சொன்னா, பாக்குறவங்க எதையுமே பாக்க மாட்டாங்க மேடம். வெட்டுங்க."

அவனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். காட்சி வடிவமைப்பும் காணொளித் தயாரிப்பும் என்ற பாடத்தை நடத்த வந்த நாளிலிருந்து வெட்டுங்க, வெட்டுங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதனால் அவனுக்குக் கத்தரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவள் கணக்கு டீச்சர்தான். முகத்துக்கு நேரே சார், மற்ற நேரமெல்லாம் கத்தரி. வயசு முப்பதுகூட இருக்காது. வகுப்பறையில் ஒரு நாள் நின்று நாற்பது பிள்ளைகளைச் சமாளித்திருக்கிறானா என்றால் அதுவும் கிடையாது. பத்தொன்பது வருடம் சுண்ணாம்புத் தூளைத் தின்று பாடம் நடத்தியவளைப் பார்த்து, எங்கே பார்க்கணும் என்று கேட்கிறான்!

"மொத்தம் பதினாலு நிமிஷம் ஓடுது. மூணு நிமிஷத்துக்கு மேல போனா பதிவேற்றவே முடியாது, இணையப் பக்கமே ஏத்துக்காது. இதுக்கு என்னால மார்க் போட முடியல மேடம். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நேரம் தரேன். புதுசா பண்ணிட்டு வாங்க." சொல்லிவிட்டு ஒரு தாளைத் தூக்கிக் காட்டினான். "அப்புறம் இது. பாடம் தெரியாத ஒருத்தருக்கு வீடியோவைப் போட்டுக் காட்டி, அவங்க சொன்னதை அப்படியே எழுதணும்னு சொல்லியிருந்தேன். நீங்க 'மிக நன்றாகப் புரிந்தது'ன்னு எழுதியிருக்கீங்க. யார் சொன்னாங்க?"

"என் வீட்டுக்காரர்."

பொய். அவரிடம் காட்டவே இல்லை. காட்டினாலும் அதைத்தான் சொல்வார் என்று தெரிந்ததால் அவளே எழுதிவிட்டாள்.

பக்கத்து நாற்காலியில், கூடப் படிக்கும் பி.டி. மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அவன் கரணம் போடுவது எப்படி என்று ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வீடியோ எடுத்திருந்தான். அதில் பேச்சே கிடையாது. ஒரு ஆள், ஒரு பாய், ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான். அதற்குத் தொண்ணூற்றொரு மார்க். அதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

இந்த ஒரு பாடம்தான் பாக்கி. கல்வியியலில் முதுகலைப் பட்டம் வாங்க இரண்டு வருடமாக வேலைக்கும் போய்க்கொண்டு படிக்கிறாள். தத்துவம், உளவியல், புள்ளியியல் எல்லாவற்றிலும் முதல் வகுப்பு. பள்ளியில் துணைத் தலைமையாசிரியர் பதவி காலியாகிறது. பட்டம் கையில் இருந்தால் அது அவளுக்கு. "மாசக் கடைசிக்குள்ள தேர்ச்சின்னு ஒரு தாள் கொண்டு வந்து கொடுத்துடு. இல்லேன்னா அறிவியல் டீச்சரைப் போட்டுடுவாங்க, அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, பச்சையாகவே சொல்லிவிட்டார். மாசக் கடைசிக்கு இன்னும் பத்தே நாள். அறிவியல் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தே ஆறு வருடம்தான் ஆகிறது. அவளுக்குக் கீழே உட்கார்ந்து கால அட்டவணை வாங்குவதா? அதற்கு வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடக்கலாம்.

மறுநாள் ஞாயிறு காலையில் வீட்டின் முன்னறையில் படப்பிடிப்பு. அது அவள் வீட்டுக்காரரின் தையல் அறை. சன்னலுக்கும் கதவுக்கும் திரைச்சீலை தைப்பவர் அவர். வெளிச்சம் நன்றாக விழுவது அந்த அறையில்தான் என்பதால் தையல் மெஷினை ஓரம் தள்ளி, சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டியாயிற்று. போனைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்க வேண்டும். வேறு வேலை ஒன்றும் இல்லை. நிற்க வேண்டும், பிடிக்க வேண்டும், ஆடக்கூடாது.

முதல் தடவை அவர் கட்டைவிரல் பாதித் திரையை மறைத்தது. இரண்டாம் தடவை போனைச் செங்குத்தாகப் பிடித்ததில் பலகையில் முக்கால்வாசி வெளியே போனது. மூன்றாம் தடவை எல்லாம் அருமை. எட்டு நிமிடம் மூச்சு விடாமல் பேசி முடித்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் எதுவும் பதிவாகவே இல்லை.

"சிவப்புப் பொத்தானை அமுக்கினீங்களா இல்லையா?"

"அமுக்கினேனே."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை அமுக்கினேன். சரியா விழுந்துதோ என்னமோன்னு இன்னொரு தடவையும் அமுக்கினேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாம் தடவை அமுக்கினால் நின்றுவிடாதா! சத்தம் கேட்கும் என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்ததால் இருவருக்கும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. மனுஷன் கோபப்படவும் மாட்டார். "சரி டீச்சர், மறுபடியும் எடுக்கலாம்" என்பார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக அவரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். எல்லாரும் கூப்பிடுகிறார்களே, தான் மட்டும் எதற்கு வேறாகக் கூப்பிட வேண்டும் என்ற நியாயம்.

பதினோராவது தடவையில் ஒருவழியாக எட்டு நிமிட வீடியோ கிடைத்தது. அதை மூன்று நிமிடமாகக் குறைக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்ததும் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். பி.டி. மாஸ்டர் போனில் சொல்லச் சொல்ல, வீடியோவை வெட்டும் மென்பொருளில் படத்தைப் போட்டாள். மேலே படம், கீழே அவளுடைய குரல் ஒரு நீலக் கோடாக ஓடியது. பேசுகிற இடத்தில் கோடு மேடாகும், பேசாத இடத்தில் படுத்துக்கொள்ளும்.

"அக்கா, கோடு எங்க படுத்திருக்கோ அதெல்லாம் சும்மா இருக்கிற இடம். அதைத் தூக்கிடுங்க, நேரம் கொறையும்."

அவள் தேடினாள். படுத்த இடமே இல்லை. எட்டு நிமிடமும் மேடுதான். ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. பத்துப் பதினோரு விநாடிக்கு ஒரு தடவை, ஒரே அளவில், ஒரே வடிவத்தில் ஒரு சின்ன மேடு வந்தது. அதை ஒட்டினாற்போல் அதைவிடச் சின்னதாக இன்னொரு மேடு. என்ன சனியன் இது, போனில் ஏதாவது கோளாறா? ஓட்டிப் பார்த்தாள்.

"புரிஞ்சுதா?"

அவள் குரல்தான். பின்னாலேயே போனுக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல். "ம்."

அடுத்த மேடு. "புரிஞ்சுதா?" "ம்." அதற்கடுத்தது. "புரிஞ்சுதா?" "ம்." எண்ணிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று புரிஞ்சுதா, நாற்பத்து மூன்று ம். மூன்று இடங்களில் அவள் புரிஞ்சுதா என்று முடிப்பதற்கு முன்பே ம் வந்துவிட்டிருந்தது.

இப்படியா பேசுகிறேன் நான்? அவளுக்கே எரிச்சலாக இருந்தது. ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தாள். புரிஞ்சுதாவுக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் கத்தரி வைக்க இடம் வேண்டுமே, அதுவே கிடைக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தாள். நடுவில் அரை விநாடிகூட இல்லை. கேட்கிறாள், உடனே அடுத்ததற்குப் போய்விடுகிறாள். அந்த அரை விநாடிக்குள் ஒருத்தர் புரியவில்லை என்று சொல்ல நினைத்தாலும் வாய் திறக்க நேரம் இருக்காது.

நாற்பத்து மூன்றையும் வெட்டியதில் குறைந்தது வெறும் அரை நிமிடம். அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தையல் அறைக்குப் போனாள்.

"என்னங்க, அந்த மெஷினை நிறுத்துங்க. ஒரு விஷயம் கேக்கணும். மூணை முக்காலால வகுத்தா எத்தனை?"

மெஷின் நின்றது. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வகுத்தாலா? கொறையும்ல, ஒண்ணே சொச்சம் வருமா?"

"நாலு! நாலுங்க! எட்டு நிமிஷம் அதைத்தானே சொன்னேன்? அதுக்கு முன்னாடி பத்துத் தடவை சொன்னேனே! வகுத்தா எப்பவுமே கொறையும்னு இல்ல, ஒண்ணைவிடச் சின்னதால வகுத்தா கூடும்னு தொண்டை கிழியக் கத்தினேனே!"

"சொன்னே சொன்னே."

"புரிஞ்சுதான்னு நாப்பத்து மூணு தடவை கேட்டேன். நாப்பத்து மூணு தடவையும் ம்-னு சொன்னீங்க."

அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். "உண்மையச் சொல்லட்டுமா? திட்டக் கூடாது."

"சொல்லித் தொலைங்க."

"எனக்கு ஒண்ணுமே புரியல டீச்சர்."

"அப்போ எதுக்கு ம்-னு சொன்னீங்க?"

"நீ புரிஞ்சுதான்னு கேட்டா ம்-னுதானே சொல்லணும்? புரியலைன்னு சொன்னா மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிப்பே. அதுக்கு ம்-னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுது." அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "உன் கிளாஸ் பிள்ளைங்களும் அப்படித்தானே சொல்லுவாங்க."

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் இவர் எதற்கெல்லாம் ம் சொன்னார் என்று நினைத்துப் பார்த்தாள். துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொன்னபோது ம். இன்றுவரை எல்லாத் துணியையும் ஒரே குமிழில்தான் துவைக்கிறார். சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொன்னபோதும் ம்.

"மாத்திரை எப்போ போடுறீங்க?"

"ஞாபகம் வரும்போது."

"அடப் பாவி மனுஷா!" என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபமெல்லாம் அவர்மேல்தான் என்று வெகு நேரம் நம்பப் பார்த்தாள். முடியவில்லை. புரிஞ்சுது டீச்சர் என்று நாற்பது குரல் ஒன்றாகச் சொல்வது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏழாம் வகுப்பில் வகுத்தலை நடத்தி முடித்ததும் அப்படித்தான் சொல்வார்கள். தேர்வில் பாதிப் பேர் கோட்டை விடுவார்கள். கவனம் போதாது, வீட்டில் படிப்பதில்லை என்று விடைத்தாளில் எழுதி அனுப்புவாள். பத்தொன்பது வருடமாக இதையேதான் எழுதுகிறாள். அழுகை வந்தது. அழுதாள்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தாள். வீடியோவில் ஒரு அடிகூட நகரவில்லை. நாளை நாலு மணிக்குள் கொடுக்கவில்லை என்றால் இந்தப் பாடத்தை அடுத்த வருடம் மறுபடியும் படிக்க வேண்டும், பதவியும் போய்விடும். முன்னறை வாசற்படியில் நின்று, இரண்டு நாளாகப் பேசாத மனுஷனை வெறித்துப் பார்த்தாள். அவர் சிமென்ட் தரையில் துணியை விரித்து மண்டியிட்டிருந்தார்.

"அது என்ன?" என்று முறைப்பாகக் கேட்டாள்.

"சமையலறைச் சன்னலுக்கு. பாதி உயரம்தான் போடணுமாம். மூணு மீட்டர் துணி, முக்கால் முக்கால் மீட்டரா வெட்டணும்."

"எத்தனை துண்டு வரும்?"

"நாலு."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படிச் சொன்னீங்க?"

"இதுல என்ன எப்படி? ஒரு மீட்டருக்கு நாலு கால். மூணு மீட்டருக்குப் பன்னெண்டு கால். துண்டுக்கு மூணு கால் போனா நாலு துண்டு. தெனமும் வெட்டுறதுதானே."

"அய்யோ! அதைத்தானேய்யா நான் எட்டு நிமிஷம் கத்தினேன்! மூணை முக்காலால வகுத்தா நாலு! நாலால பெருக்கி மூணால வகுக்கணும்!"

அவர் துணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் துணியைப் பார்த்தார். "அதுவா இது?" என்றார். பிறகு அவருக்கும் கோபம் வந்தது. "மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல? நீ மொதல்ல பண்ணினதை எட்டிப் பாத்தேனே, பூவு, கடிகாரம், ஆடுற பென்சிலு! அதையெல்லாம் பாத்துக்கிட்டு எவனுக்கு மண்டையில ஏறும்?"

கத்தரி சொன்னதைத்தான் இவரும் சொல்கிறார். சேர்ந்து பேசி வைத்துக்கொண்டார்களோ என்னமோ!

அரை மணி நேரத்தில் எல்லாம் தயாரானது. திரைச்சீலை மாட்டப் போகும்போது எடுத்துப் போகிற ஏணியை விரித்து, அதன் உச்சியில் ஒரு திரைக்கம்பியை நீட்டிக் கட்டி, கம்பி நுனியில் போனை அளவு நாடாவால் இறுக்கிக் குப்புறத் தொங்க விட்டார்கள். இந்தத் தடவை பொத்தானை அவளே அமுக்கினாள், ஒரே ஒரு தடவை. பலகை இல்லை, பூ இல்லை. சாம்பல் தரையில் மஞ்சள் துணி மட்டும். வாடிக்கையாளர் துணியைத் தொட முடியாது, திரைக்குப் பின்னால் வைத்துத் தைக்கிற பழைய மஞ்சள் உட்துணியில் மூன்று மீட்டர் நீளத்தில் மூன்று கிடைத்தது. ஆக மூன்றே வாய்ப்பு. வெட்டின துணியை ஒட்ட முடியாதே.

திட்டம் எளிது. அவர் சாக்கட்டியால் கால் கால் மீட்டருக்குக் கோடு போடுவார். அவள் கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். அப்புறம் அவர் வெட்டுவார்.

"எவ்வளவு நேரம் சும்மா இருக்கணும்?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். "பாக்குறவங்க மனசுக்குள்ள அளந்து பாக்க வேணாமா? எனக்கு ஒரு துண்டுக்கு ரெண்டு செகண்டு ஆகும். நாலு துண்டுக்கு எட்டு. தலையச் சொறிய ஒண்ணு. ஒம்பது வெச்சுக்க."

முதல் துணி. "மூணு மீட்டர் துணி. முக்கால் மீட்டரா வெட்டினா எத்தனை துண்டு வரும்?" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாக்கு அரித்தது. "புரிஞ்சுதா?" தானாக வெளியே வந்துவிட்டது.

"ம்" என்று சொல்லிவிட்டு அவர் சரக்கென்று வெட்டிவிட்டார்.

"யோவ்! எதுக்கு வெட்டினீங்க?"

"நீ புரிஞ்சுதான்னு கேட்டியே!"

இரண்டாவது துணி. ஏழு வரை தாக்குப்பிடித்தாள். எட்டாவது விநாடியில், "நாலு வரும்" என்று அவளே சொல்லிவிட்டாள். கேள்வியைக் கேட்டு வைத்துவிட்டு விடையைச் சொல்லாமல் இருப்பது அவளுக்கு மூச்சை அடக்குவது மாதிரி இருந்தது.

விடையைக் கேட்டதும் அவர் கை தானாக வெட்டியும்விட்டது. அவர் கத்தரிக்கோலைத் தரையில் ஓங்கி வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான். "ஒம்பது எண்ண உன்னால முடியாதா? நீயா கணக்கு டீச்சர்? இது கடைசித் துணி. வாயை மூடு!"

அவள் வாயை மூடினாள். இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு எண்ணினாள். ஒன்பது. கத்தரிக்கோல் துணிக்குள் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு துண்டு, இரண்டு, மூன்று, நாலு.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் கணினி அறையில் இருந்தாள். முன்னால் தன் அறிமுகம், பிறகு துணி, கடைசியில் அரை அரை மீட்டராக மடித்துக் காட்டும் இரண்டாவது கேள்வி. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் ஒன்பது விநாடி. இணையப் பக்கம் ஏற்றுக்கொள்ளவில்லை. சிவப்பு எழுத்தில் நேரம் மீறியது என்று வந்தது. மறுபடியும் ஏற்றினாள், மறுபடியும் சிவப்பு.

"அக்கா, ஒம்பது செகண்டு அதிகம். இங்க பாருங்க, கோடு படுத்துக் கிடக்குது. சரியா ஒம்பது செகண்டு!" பி.டி. மாஸ்டர் கையைத் தட்டினான். "சும்மா இருக்கிற இடம். தூக்கிட்டா முடிஞ்சுது."

"அதைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

"அப்போ எதை வெட்டுவீங்க? மணி மூணு நாப்பத்தஞ்சு."

வெட்டக்கூடியது இன்னொன்று இருந்தது. ஆரம்பத்தில் அவள் முகம் வரும். பெயர், படித்த பட்டங்கள், பள்ளியின் பெயர், பத்தொன்பது ஆண்டு அனுபவம். மொத்தம் பதினோரு விநாடி. அதை மட்டும் விட மாட்டேன் என்று முதல் நாளிலிருந்து ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். தேர்ச்சித் தாளோடு இந்த வீடியோவையும் பெரிய டீச்சர் பார்ப்பார். நிர்வாகம் பார்க்கும். யார் நடத்துகிற பாடம் என்று தெரிய வேண்டாமா? முகமும் பெயரும் இல்லாவிட்டால் யாரோ ஒரு தையல்காரரின் கைதானே தெரியும்? மூன்று ஐம்பது ஆகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தன் முகத்தைப் பிடித்து அழித்தாள். பச்சை எழுத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வந்தபோது மணி மூன்று ஐம்பத்தாறு.

கத்தரி அவள் எதிரிலேயே போட்டுப் பார்த்தான். கேள்வி வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. மூன்றாவது விநாடியில், இணையம் நின்றுவிட்டது என்று நினைத்து மவுஸை நோக்கிக் கையை நீட்டினான்.

"தொடாதே!"

ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சுவரை எட்டுகிற குரல் அது. அவன் கையை இழுத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தான். கண் மட்டும் சாக்கட்டிக் கோடுகள்மேல் ஓடியது. உதடு முணுமுணுத்தது. "நாலா?" என்றான். அதற்குப் பிறகுதான் திரையில் கத்தரிக்கோல் நகர்ந்தது. நாலு துண்டும் விழுந்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. மறைக்கப் பார்த்தான், முடியவில்லை.

"ஸ்கூல்ல தலைகீழாத் திருப்பிப் பெருக்குன்னு சொல்லிக் கொடுத்தாங்க மேடம். ஏன்னு இன்னிக்குத்தான் தெரியுது." பிறகு தாளைப் புரட்டினான். பாடம் தெரியாதவர் சொன்னது என்ற இடத்தில், 'மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?' என்று எழுதியிருந்தது. அவன் சிரித்துவிட்டு அறுபத்தெட்டு மார்க் போட்டான். "வெளிச்சம் ஒரு பக்கமா விழுது. ஏணியோட நெழல் வேற தெரியுது. அப்புறம், உங்க பேரு எங்கயுமே இல்லையே மேடம்? ஒரு ஓரமா சின்னதாப் போட்டிருக்கலாமே."

போட்டிருக்கலாமாம்! அதைச் சொல்ல இவனுக்குத்தான் வாய் வர வேண்டும். ஓரமாகச் சின்னதாகப் போடலாம் என்று பதினாலு வாரத்தில் ஒரு நாள்கூட அவனுக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஆனாலும் அறுபத்தெட்டு என்றால் தேர்ச்சி. தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சார் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை இரண்டாவது பாடவேளை. ஏழாம் வகுப்பில் சதவீதம் நடத்தினாள். பலகை நிறைய எழுதி, நாலு எடுத்துக்காட்டுப் போட்டு, சாக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்!" நாற்பது குரலும் ஒன்றாக வந்தன.

அடுத்த பக்கத்தைத் திருப்பக் கை போனது. அதைப் பிடித்து நிறுத்தினாள். ஒன்று, இரண்டு. பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். நாலு. டீச்சருக்கு உடம்பு சரியில்லையோ என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதே நேரம் வாசலில் பெரிய டீச்சர் வந்து நின்றார். கையில் பதவிக்கான தாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ. நிர்வாகத்துலேர்ந்து ஆள் வந்து காத்துக்கிட்டிருக்காங்க."

அவள் கையை உயர்த்திப் பொறுங்கள் என்று காட்டினாள். ஆறு. ஏழு. மூன்றாவது வரிசையில், வருடம் முழுக்க வாயே திறக்காத ஒரு பெண் பாதி உயரத்துக்குக் கையைத் தூக்கினாள்.

"புரியல டீச்சர்."

எட்டு. சன்னலோரம் இரண்டு கை. பின்னால் ஐந்து. ஒன்பதை எண்ணி முடித்தபோது, யார் கை தூக்கவில்லை என்று எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது.

"இத்தனை பேருக்கா? அப்போ எதுக்குடி புரிஞ்சுதுன்னு கத்தினீங்க?" என்று சீறினாள். சாக்கட்டித் தூள் படிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, வரியா இல்லையா?" என்றார் பெரிய டீச்சர்.

"அவங்களை உக்காரச் சொல்லுங்க. இந்த மணி அடிச்சப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு, பலகையை மேலிருந்து கீழ்வரை அழித்தாள்.